பொலிஸ்காரரிடம் அப்பா கேட்ட கேள்வி

எங்கள் குடும்பத்தில் முழுதாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை வைக்க எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் இடம் போதாது. அதனால், ஸ்டொப் பலகையில் நிற்காமல் போனதாக அப்பாவுக்குப் பொலிஸ்காரர் அபராத டிக்கெட் எழுதியபோது நான் பயப்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் சட்டம் எனக்கு ஒரு பாடம்.

அப்பா மிசிசாகாவில் பார்சல் வான் ஓட்டினார். இன்னுமொரு டிக்கெட் பதிவானால் வேலை இல்லை என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அப்பா அன்றைக்கு நின்றுதான் போனார். ஆனாலும் பொலிஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார் என்று நம்பினார். ஊரில் சீருடைக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பொலிஸோடு யாராவது நியாயம் பேசுவார்களா என்று அம்மாவும் கேட்டார். வழக்காடத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்.

மாகாண நீதிமன்றத்துக்கு அகராதியோடு போனேன். அப்பாவுக்கு நானே மொழிபெயர்ப்பேன் என்று எழுந்து நின்று சொன்னேன். நரைத்த தலையோடு இருந்த நீதவான் அம்மா என் ஆங்கிலத்தைப் பாராட்டிவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். மகள் மொழிபெயர்க்கக் கூடாதாம். தகுதியுள்ள ஒருவரை நீதிமன்றமே தரவேண்டுமாம். அது இந்த நாட்டு அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் அப்பாவுக்குக் கொடுத்த உரிமையாம். வழக்கு தள்ளிப்போனது, என் முகம் சுண்டிப்போனது. அந்தப் பிரிவை நான் சோதனைக்கு மனப்பாடம் செய்து முழுப் புள்ளி வாங்கியிருந்தேன். கொலை வழக்குகளுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். வான் ஓட்டுகிறவரின் டிக்கெட்டுக்கும் அது வரும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த தவணைக்கு, கோட் போட்ட தமிழர் ஒருவர் மொழிபெயர்க்க வந்திருந்தார். அப்பா எழுந்ததுமே கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா என்று நீதவான் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்லை அம்மா, நான் நிண்டனான். இது மரியாதைக்குச் சொன்னது."

நீதவான் சிரிக்காமல் தலையாட்டினார். பொலிஸ்காரர் தன் பக்கத்தைச் சொல்லி முடித்தார். பிறகு நீதவான் அப்பாவிடம், இவரிடம் கேட்க ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

"ஆர், நானோ? பொலிசையோ?"

மொழிபெயர்ப்பாளர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். ஓம், நீங்கள்தான், கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று நீதவானின் விடை தமிழில் வந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாய் திறக்க முடியாது. மன்னிப்போடு உட்கார்ந்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, எனக்கும் உங்களுக்கும் நடுவில ஒரு பஸ் நிண்டது. நீங்கள் எப்பிடி என்னைப் பாத்தனீங்கள்?"

பொலிஸ்காரர் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் பஸ் இல்லை. ஆனால் பஸ் நின்றது நினைவிருக்கிறது, அது மறைத்திருக்கலாம் என்று நேர்மையாகச் சொன்னார். நீதவான் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அப்பா நகரவில்லை. தனக்கு இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்.

"அண்ணை, வெண்டிட்டியள். வாங்கோ, வெளியில போவம்."

வீடு வரும்வரை காரில் அப்பா அந்த இரண்டு கேள்விகளையும் எனக்கு விளக்கினார். நல்ல கேள்விகள்தான். எனக்குத் தோன்றியிருக்காது.