கோபப்படத் தெரிந்த விருந்தாளிகள்

தசராவுக்கு ஊர் உலகமெல்லாம் மைசூருக்கு வரும்போது நான் மைசூரை விட்டு வெளியே போக வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. தெருவிளக்கு அலங்காரம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் ஸ்கூட்டர்கூட நகராது. மார்டள்ளி கிராமத்திலிருந்து என் கணவரின் அக்கா குடும்பத்தோடு வந்து இறங்குவார். கூடம் முழுக்கப் பாய் விரிந்திருக்கும். குளிக்கப் போவதற்கு முன் யார் யார் குளித்தாயிற்று என்று விசாரிக்க வேண்டும். நான் பள்ளி ஆசிரியை. வருடத்தின் நடுவில் எனக்கு அமைதியாக இருக்கக் கிடைப்பது அந்த விடுமுறை ஒன்றுதான். அதில் ஒரு நாள்கூட நான் அமைதியாக இருந்ததில்லை.

சென்ற வருடம் என் கணவர் ஓய்வு பெற்றார். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை, முப்பத்தோரு வருடம். இனி அவர் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை என்பதால் தசரா வாரத்தில் இலங்கைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். தென்மேற்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டல், ஆறு நாள்.

"அங்க அப்ப மழை டீச்சர், யாரும் போக மாட்டாங்க" என்றாள் என்னோடு வேலை பார்ப்பவள். அதைக் கேட்ட பிறகுதான் அறையைப் பதிவு செய்தேன்.

கணவரிடம் சொன்னேன். "பரவாயில்ல" என்றார். எதற்கும் அதைத்தான் சொல்வார். தமிழில் சொல்கிறாரா கன்னடத்தில் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சாம்பாரில் உப்பில்லாவிட்டால் எழுந்துபோய் உப்பு எடுத்து வருவார். எனக்கும் கொஞ்சம் போட்டுவிடுவார்.

ஹோட்டலில் நாற்பது அறைகள். விருந்தாளிகள் நாங்கள் இரண்டு பேர். ஊழியர்கள் பதினான்கு பேர். எண்ணிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். கடல் தேநீர் நிறத்தில் இருந்தது. கரையில் இறங்கக் கூடாது என்று ஒரு சிவப்புக் கொடி நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தது. காலையில் சாப்பிட உட்கார்ந்தால் நான்கு பேர் சுவரோரம் நின்று பார்த்தார்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், ஒருவர் ஓடி வந்து நிரப்பினார். இன்னொரு வாய் குடித்தேன், இன்னொருவர் வந்தார். பிறகு நான் தண்ணீர் குடிக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மேனேஜர் எங்கள் மேசைக்கு வந்தார். ஹட்டன் பக்கத்து மலைநாட்டுத் தமிழர். தமிழில் பேசக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"ஒரு உதவி வேணும் மேடம். டிசம்பர்ல சீசன் தொடங்குது. புதுசா எடுத்த ஆளுங்களுக்கு இப்பதான் டிரெய்னிங். வழமையா நான்தான் கெஸ்ட் மாதிரி நடிப்பேன். என்னைப் பார்த்தா அவங்களுக்குச் சிரிப்பு வந்துருது. நீங்க உண்மையான கெஸ்ட்."

"நாங்க என்ன செய்யணும்?"

"கம்ப்ளைன் பண்ணணும் மேடம். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். கொஞ்சம் கோவமா."

நான் உடனே சம்மதித்தேன். எட்டாம் வகுப்பைப் பதினெட்டு வருடமாகக் கட்டி மேய்ப்பவளுக்கு இதில் ஒத்திகையே தேவையில்லை. வரவேற்பு மேசைக்குப் போய், துண்டில் பூஞ்சை வாடை அடிக்கிறது, இது ஹோட்டலா வேறு ஏதாவதா என்று ஆரம்பித்தேன். மேசைக்குப் பின்னால் நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்க்காரி, தமிழ் பேசும் முஸ்லிம். தலை முக்காட்டைச் சரிசெய்தாள், குனிந்தாள், இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டாள். நான் பேசி முடித்த பிறகும் நிமிரவில்லை. பதிலும் இல்லை.

"மேடம், போதும்" என்றார் மேனேஜர்.

சாயங்காலம் அவளே எங்கள் அறைக்குப் பால் ஊற்றாத பிளேன்டீ கொண்டுவந்தாள். ஒன்பது வருடம் வளைகுடாவில் வீட்டு வேலை செய்தவளாம். "அங்க பதில் சொன்னா ஏச்சு கூடும் மேடம். தலைய குனிஞ்சு நிண்டா சீக்கிரம் முடியும். அப்படியே பழகிட்டுது" என்றாள். துண்டில் உண்மையில் எந்த வாடையும் இல்லை என்று நான் சொன்னேன். அது தனக்குத் தெரியும், துவைத்தது தன் தங்கைதான் என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. மேனேஜர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

மூன்றாம் நாள் என் கணவர் வரவேற்பு மேசை முன்னால் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, "டீ நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"சேர், கம்ப்ளைன்" என்றார் மேனேஜர். அங்கே எல்லோருக்கும் 'சார்' அப்படித்தான் வாயில் வரும்.

"சூடு கொஞ்சம் கம்மியோ என்னமோ. நான் குடிக்க லேட் பண்ணிட்டேன், அதான்."

அவள் குனிந்தே நின்றாள். இவரும் குனிந்து நின்றார். அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது.

நான்காம் நாள் நான் சாக்குச் சொல்லித் தவிர்க்கலாம் என்றேன். வேண்டாம், வாக்குக் கொடுத்தாயிற்று என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நான் பிரம்பு நாற்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

"சொல்லுங்க சேர், என்ன பிரச்சினை?" என்றாள் அவள், மேசையைப் பார்த்தபடி.

அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "இந்த நேரத்துல நான் இங்க இருக்கவே கூடாது" என்றார். மேனேஜர், நல்ல ஆரம்பம் என்பதுபோலத் தலையாட்டினார்.

"முப்பத்தோரு வருஷமா மைசூர்ல இருக்கேன். ஜம்பூ சவாரி ஒரு தடவை பார்த்ததில்ல. யானை மேல அம்பாரி வெச்சு ஊர்வலம் போகும், உலகமே வந்து பார்க்கும். நான் பார்த்ததில்ல. லீவு விட்டா மெஷின் நிக்கும். மெஷின் நின்னாதான் எங்களுக்கு வேலை. யானை அரமனையை விட்டு வர்ற நேரத்துல நான் கன்வேயருக்கு அடியில படுத்திருப்பேன். எங்க அக்கா பார்த்துட்டு வந்து சொல்லும். நான் கேட்டுக்குவேன். இந்த வருஷம் ரிட்டையர். ஊர்வலம் போற பன்னிமண்டப ரோட்டுல ஒரு மருந்துக்கடை மாடி, அங்க நின்னு பார்க்கக் கடைக்காரர்கிட்ட சொல்லிக்கூட வெச்சிருந்தேன். அதுக்குள்ள இங்க டிக்கெட் எடுத்தாச்சு!"

கடைசி வாக்கியத்துக்கு மேசையைத் தட்டினார். பலமாக இல்லை. ஆனாலும் தட்டினார்.

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது சேர். வருத்தப்படுறேன். ஆனா இதுக்கு ஹோட்டலால ஒண்டும் செய்ய ஏலாது. மேடத்துக்கிட்டத்தான் சொல்லணும். மேடம் அந்தா இருக்காங்க."

மேனேஜர் கைதட்டினார். சுவரோரம் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தும்வரை நான் புன்னகைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"போலாமான்னு கேட்டேனே."

"டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு கேட்ட."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆசிரியைகளிடம் எப்போதும் இருக்கும். வராந்தாவில் போய் நின்றேன். மழையில் தென்னை மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அத்தனை வருடம் அக்கா ஊர்வலத்தை விவரிக்கும்போது இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். யானையின் பெயரைக்கூடக் கேட்பார். அதை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு ஆறுகிறதே என்றுதான் நினைத்திருக்கிறேன்.

உள்ளே வந்து, "நான் அவ்வளவு தூரம் யோசிக்கலங்க" என்றேன்.

பழக்க தோஷத்தில் "பரவா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "இல்ல. யோசிச்சிருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றேன். அன்று இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் விஜயதசமி. பயிற்சி வீடியோ போடும் பெரிய டிவியை மேனேஜர் வரவேற்பறைக்குக் கொண்டுவந்து இணையத்தில் இணைத்தார். பதினான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். யானை அரண்மனை வாசலுக்கு வந்து ஒரு காலைத் தூக்கியது. அதோடு படம் நின்றது. மழையில் இணைப்பு அப்படித்தான் என்றார்கள். யானை தூக்கிய காலோடு வெகுநேரம் நின்றது. என் கணவர் எழுந்து டிவி பக்கத்தில் போய் விளக்கத் தொடங்கினார். அக்காவிடம் முப்பத்தோரு வருடம் கேட்டது அத்தனையும் வந்தது.

"அந்த யானைக்குப் பாரமா இருக்காதா சேர்?" என்றாள் வரவேற்புப் பெண்.

"சும்மா தூக்கி வெக்க மாட்டாங்கம்மா. முன்னாடியே வாரக்கணக்கா மணல் மூட்டை கட்டி நடக்கவிட்டுப் பழக்குவாங்க."

பிறகு இடி இடித்து மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது திரையில் போலீஸ் பேண்ட் போய்க்கொண்டிருந்தது. யானை எப்போதோ தாண்டியிருந்தது. அவர் பேண்ட் வாத்தியத்தைக் கடைசிவரை பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூட்டம் கூட்டம் என்று கதவைச் சாத்திக்கொண்டவள் நான். எங்கள் ஊர் ஊர்வலத்தை முதல்முறையாக முழுதாகப் பார்க்க உட்கார்ந்தது, கடல் தாண்டி, முன்பின் தெரியாத பதினான்கு பேர் நடுவில்தான்.

டிசம்பரில் அந்தப் பெண்ணிடமிருந்து என் போனுக்கு ஒரு குரல்செய்தி வந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டதாம். ஒரு வெள்ளைக்காரர் அறையில் பல்லி இருக்கிறது என்று கத்தினாராம். அவர் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். பிறகு, பல்லி இங்கேதான் குடியிருக்கிறது, உங்களுக்கு வேறு அறை தருகிறேன் என்றாளாம். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தாள். நீலக் கடல், கரை முழுக்கக் குடைகள், மனிதர்கள். எங்கள் அறை எந்தப் பக்கம் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"நல்ல கூட்டம்" என்றார், ஆசையாக.