மீன் வண்டியில் போன புத்தகம்

புதுக்கடைப் பக்கம் காலையில் ஸ்கூட்டர் ஹாரன் விட்டுவிட்டுக் கேட்டால் டெல்சி வந்துவிட்டாள் என்று அர்த்தம். கடற்கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடுவீடாக விற்பவள். கொஞ்ச நாளாக மீனோடு புத்தகமும் கொண்டு போகிறாள்.

சங்கதி இதுதான். ரோட்டோர வீட்டு ஜினிஷாவிடம் அலமாரி நிறையக் கதைப் புத்தகம். மேட்டு வீட்டு அஜிஷாவுக்கும் அதே வயசு, ஆனால் வேறு பள்ளிக்கூடம். ஒருத்தியை ஒருத்தி பார்த்ததே இல்லை. "மேட்டு வீட்டுக் குட்டிக்குப் படிக்க ஒண்ணும் இல்லியாம், நீ ஒண்ணு குடு மக்கா" என்று டெல்சிதான் தொடங்கி வைத்தாள். ஜினிஷா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். போனது போனபடி திரும்ப வரவேண்டும். இல்லையென்றால் அதோடு நிறுத்தம்.

இந்தத் தடவை கொடுத்தது மெலிசான புத்தகம். கதையில், கரையில் ஒதுங்கிய ஒரு பூட்டிய பெட்டி. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். டெல்சி சும்மா இருப்பாளா? மறுநாள் ஏலம் முடிந்து மீனை அடுக்கிவிட்டு, கரையிலேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். பெட்டியைத் திறக்கப் போகிற இடத்தில், கடைசித் தாளைப் புரட்டப் போகும்போது நேரமாகிவிட்டது. மீன் கையோடு மூடி, பத்திரிகைத் தாளில் பொதிந்து, ஸ்கூட்டரில் காலடியில் வைத்தாள்.

மேட்டு வீட்டில் அயலை மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பொதியைக் காணோம்.

"அக்கா, புத்தகம் எங்க?"

"இங்கதானட்டி வச்சேன். காலு மொளச்சா போச்சு?"

ஐஸ் பெட்டிக்குள்ளும் துழாவிப் பார்த்தாள். அப்போதுதான் அஜிஷா கவனித்தாள்: டெல்சி வந்தால் காலைச் சுற்றும் பூனையையும் காணோம். தினமும் ஒரு மீன் தலையைத் தாளில் பொதிந்து அதற்குப் போட்டுப் பழக்கியவளே டெல்சிதான். மீன் மணக்கிற பொதி எல்லாம் தன்னுடையது என்று பூனை எடுத்துக்கொண்டு போனால், அதன்மேல் என்ன தப்பு?

விறகுப்புரைக்குப் பின்னால் புத்தகம் கிடைத்தது. அட்டையில் பல் தடம். மீன் கை பட்ட கடைசித் தாள் மட்டும் இல்லை.

மிச்சத்தை நின்றபடியே படித்து முடித்த அஜிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இனி அவ தரமாட்டா. பெட்டிக்குள்ள என்னன்னும் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. அம்மைகிட்ட சொல்லிட்டு வண்டியில கேறு. நேர போய்ச் சொல்லுவோம்."

ரோட்டோர வீட்டில், புத்தகத்தைப் புரட்டிய ஜினிஷாவின் முகம் கறுத்தது. "யாரு செஞ்சது?"

"நான்தான் மக்கா. மீன் கையோட தொட்டேன், பூனை தூக்கிட்டுப் போச்சு."

"பூனை புத்தகம் தின்னுமா?" கோபத்தையும் மீறிக் கேட்டுவிட்டாள்.

"கடைசித் தாளை மட்டும் தின்னுச்சு," என்றாள் அஜிஷா. "அதுக்கும் முடிவு தெரியணும் போல."

ஜினிஷா அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் அஜிஷாவா?" சிரிப்பு வந்துவிட்டது.

டெல்சிக்குப் பொறுக்கவில்லை. "அது கிடக்கட்டு. உள்ள யாரு தட்டினது?"

"தேங்கா. மொளச்ச தேங்கா. அலை அடிக்கும்போதெல்லாம் உருண்டு முட்டியிருக்கு."

"தேங்காயா! நான் பேயின்னுல்லா நினைச்சேன்! ஏவாரத்த விட்டுட்டு நின்னு படிச்சது இதுக்கா?"

ஜினிஷா உள்ளே போய் இன்னொரு புத்தகத்தை எடுத்துவந்து அஜிஷாவின் கையில் கொடுத்தாள். டெல்சியும் கையை நீட்டினாள்.

"அவ முடிச்சதும் உங்களுக்கு. சோப்பு போட்டுக் கை கழுவணும். மூடி உள்ள டப்பாவும் கொண்டு வரணும்."

மறுநாள் மேட்டு வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. மீன் பெட்டியைத் திறக்கும் முன்பே, புது டப்பாவைத் தட்டிக்கொண்டு டெல்சி கேட்டாள்:

"முடிச்சியாட்டி? கதையச் சொல்லிராத, தலைய மட்டும் ஆட்டு."