முழங்காலைத் தட்டினால் கிளம்புவதாக அர்த்தமில்லை

"உங்க வீடு எங்க?" என்று யாராவது கேட்டால் ஓரின் மாமா யோசிக்கவே மாட்டார். "எந்தப் பிள்ள வாசல்ல பிளக் பாயின்ட் இருக்கோ, அங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். ஜோலீன் அத்தை சிரிக்க மாட்டார். இதே பதிலை அவர் பல மாநிலங்களில் கேட்டுச் சலித்தவர்.

மாமா அயோவாவில் ஒரு சோளக் கிடங்கில் வேலை பார்த்தார். அத்தைக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஓய்வு பெற்ற கையோடு இருவரும் வீட்டை விற்றார்கள். புல்வெட்டி, பனி தள்ளும் இயந்திரம், சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் வாசலில் பரப்பி, வந்தவர்கள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, பஸ் நீளத்துக்கு ஒரு வீட்டு வண்டி வாங்கினார்கள். எதற்கு என்று கேட்டதற்கு மாமா "சுதந்திரம்" என்றார். அதாவது, கொலராடோவில் மூத்த மகனின் வாசல், டெக்சாஸில் இளைய மகனின் வாசல், திரும்பி வந்தால் அயோவாவில் மகள் கென்ட்ராவின் வாசல்.

"நாங்க யாருக்கும் பாரம் கெடையாது" என்பது மாமாவின் கொள்கை. "எங்க கட்டில், எங்க கக்கூஸ், எங்க காபி. உங்ககிட்ட கேக்குறது கொஞ்சூண்டு கரண்ட்டு, அவ்வளவுதான்." அந்தக் கொஞ்சூண்டு கரண்டில் ஏசி ஓடும், டிவி ஓடும், அடுப்பு ஓடும், அத்தை தலை காய வைப்பார்.

வண்டி வாசலுக்குள் பின்னால் நகரும்போது தெருவே வேடிக்கை பார்க்கும். அத்தை பின்னால் நின்று கை காட்டுவார்.

"வா, வா, வா... நிறுத்து!"

"நிறுத்துன்னு கத்திக்கிட்டே வான்னு கை காட்டுற!"

"கைய எதுக்குப் பாக்குற? நான் சொல்றதக் கேளு!"

"கண்ணாடி மூடியிருக்கு ஜோ! எப்படிக் கேக்கும்?"

போன ஆகஸ்டில் அப்படித்தான் கென்ட்ராவின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் தடவை அத்தைக்கு மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. கென்ட்ரா வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. கைக்குழந்தை நோராவுக்குக் காப்பகத்தில் ஜனவரியில்தான் இடம். அதுவரை தானே இருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தைக்குத் துடிப்பு. ஆனால் அதைக் கென்ட்ராதான் கேட்க வேண்டும். கென்ட்ராவோ, பாவம், அம்மா இப்போதுதான் ஊர் சுற்றுகிறாள், அவளைப் பிடித்துக் கட்டிப்போடுவதா என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேரும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் அப்படி. வேண்டியதை நேராகக் கேட்டால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இன்னொரு துண்டு கேக் வைக்கட்டுமா என்றால் வேண்டாம் என்கிறோம். மறுபடி கேட்டாலும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, நீங்க இவ்ளோ சொல்றதால" என்று தட்டை நீட்டுகிறோம். கிளம்புவதற்கும் முறை உண்டு. விருந்தாளி முழங்கால் இரண்டையும் படீரென்று தட்டி, "ம்ம்... சரி. கெளம்ப வேண்டியதுதான்" என்பார். உடனே வீட்டுக்காரர் பதற வேண்டும். "என்ன அதுக்குள்ள? காபி போட்டுக்கிட்டிருக்கேன்!" விருந்தாளி உட்கார வேண்டும். கதவருகே இன்னொரு அரட்டை. கார் ஜன்னலில் சாய்ந்து இன்னொன்று. அதற்கப்புறம்தான் கிளம்புவது.

கென்ட்ராவின் கணவன் சால், நியூ ஜெர்சிக்காரன். பசிக்கிறதா என்றால் பசிக்கிறது என்பான். சட்டை நன்றாக இருக்கிறதா என்றால் இல்லை என்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் கென்ட்ரா குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போனாள். அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா புரிந்துகொண்டார். முழங்காலைத் தட்டினார்.

"ம்ம்... சரி. கெளம்ப வேண்டியதுதான்."

இதைக் கேட்ட சாலின் வாயிலிருந்து, "எங்க போறீங்க? ஜனவரி வரைக்கும் இருங்களேன்" என்று வர வேண்டும். எங்கள் ஊரில் பிறந்த எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"ஓ, கெளம்புறீங்களா?" என்று எழுந்தான் சால். "நல்லது. நான் போய் வயரக் கழட்டறேன்."

கழற்றினான். தண்ணீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்தான். சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கட்டைகளை எடுத்தான். உதவி செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கென்ட்ரா வெளியே வந்தபோது மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ப்பா! கெளம்பிட்டீங்களா?"

"ஆமாம்மா. ரோட்ல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிரலாம்னு..."

ஞாயிறு மதியம் எங்கள் ரோட்டில் கூட்டம் என்றால் ஒரு டிராக்டர்.

"சரி... உங்களுக்கும் எத்தனையோ எடம் பாக்கணுமே" என்றாள் கென்ட்ரா.

"உனக்கும் தலைக்கு மேல வேல கெடக்கு" என்றார் அத்தை.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இருவர் கண்ணிலும் தூசி விழுந்தது. என்னை என் வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு வண்டி நகர்ந்தது.

தெருமுனை தாண்டியதும் அத்தை ஆரம்பித்தார்.

"உன்ன யாரு முழங்காலத் தட்டச் சொன்னா?"

"நீதான பாத்த!"

"பாத்தா? தட்டச் சொன்னேனா?"

"அவன் இருங்கம்பான்னு நெனச்சேன் ஜோ."

"அவன் நியூ ஜெர்சி!"

"அவங்க ஊர்ல மனுசனுக்கு முழங்காலே கெடையாதா?"

என் வீடு இடது பக்கம் கடந்து போனது. இறக்கிவிடச் சொல்லி நேராக எப்படிக் கேட்பது? ஊர் எல்லையில் ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் மாமா என்ஜினை அணைத்தார்.

"இப்ப எங்க போறோம்?" என்றார் அத்தை.

"டெக்சாஸ்."

"சின்னவன் அக்டோபர்லதான வரச் சொன்னான்?"

"மெதுவா போவோம்."

திரும்பிப் போகலாம்தான். ஆனால் சும்மா திரும்ப முடியாதே, காரணம் வேண்டும். "கண்ணாடிய மறந்துட்டேன்னு சொல்லவா?" என்றார் மாமா. "மூக்கு மேல இருக்கு" என்றார் அத்தை. பிறகு தன் பையைத் துழாவி, நோராவின் குட்டித் தொப்பி ஒன்றை வெளியே எடுத்தார். அது எப்படிப் பைக்குள் வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

"இது போதாதா?"

"தபால்ல அனுப்புங்கன்னுடுவான்."

அத்தை தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது மாமாவின் போன் அடித்தது. சால். ஸ்பீக்கரில் போடாமலே வண்டி முழுக்கக் கேட்டது.

"ஓரின்! கராஜ் பிளக்ல கரண்ட் போனது உங்களுக்குத் தெரியுமா?"

"ம்ம்... நேத்து சாயங்காலம் ஏசி போட்டப்ப லேசா டப்புன்னுச்சு. சாப்பாட்டு நேரத்துல உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு, நானே வயர வராந்தா பிளக்குக்கு மாத்திக்கிட்டேன்."

"தொந்தரவா? அதே லைன்லதான் ஃப்ரீசர் இருக்கு! மான்கறி பூரா இளகிப்போய் கெடக்கு. நான் சுட்ட மொத மானு, ஓரின்! தொந்தரவு பண்ண வேணாமாம்! இன்னைக்கே சமைக்கலன்னா அத்தனையும் குப்பைதான். இத யாரு சமைப்பா, நானா? மரியாதையா ரெண்டு பேரும் திரும்பி வாங்க!"

போன் வைக்கப்பட்டது. மாமாவின் முகம் வெளுத்தது. அத்தையின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"எடு வண்டிய!"

"கோவமா இருக்கான் ஜோ."

"வாங்கன்னு சொன்னான்ல? எடு!"

அடுத்த கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுச் சமையலறை பள்ளிக்கூடச் சமையலறை ஆனது. ஒரு பள்ளிக்கே சமைத்த கைக்கு ஒரு மான் எம்மாத்திரம்? அத்தை வெட்டினார், வதக்கினார், எங்களை விரட்டினார். மாமா கறி அரைத்தார். நான் வெங்காயம் உரித்தேன். சால் வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டே போவோர் வருவோரிடமெல்லாம் மாமனாரின் பண்பைப் பற்றிப் பேசினான். கென்ட்ரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முதுகையே பார்த்தபடி நின்றாள். கண் வீங்கியிருந்தது.

சால் உள்ளே வந்தான். மனைவியைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லுங்க. நீங்க போனதுலருந்து இவ அழுதுக்கிட்டிருக்கா. ஜனவரி வரைக்கும் இங்கயே இருந்து நோராவப் பாத்துக்குறீங்களா, மாட்டீங்களா?"

"சால்!" என்று கென்ட்ரா சிவந்து போனாள்.

"அட, அதெல்லாம் எதுக்கு மாப்ளே" என்றார் மாமா, பழக்கதோஷத்தில். "உங்களுக்கு வீண் சிரமம்..."

சால் தலையாட்டினான். அவனுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "சரி, அப்ப வேற ஆள..."

"இருக்கேன்" என்றார் அத்தை.

கையில் கத்தி அப்படியே நின்றது. முதல் தடவை கேட்டதற்கே! மாமா, சர்ச்சில் ஏப்பம் விட்டவரைப் பார்ப்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அத்தை கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "ஜனவரி வரைக்கும் இருக்கேன். எனக்கு இருக்கணும்" என்று இன்னும் பச்சையாகச் சொன்னார். கென்ட்ரா குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

"பிரமாதம்" என்றான் சால். "நீங்க, ஓரின்?"

"நானா? எனக்கென்ன... நான் எங்கயாவது, எப்படியாவது..."

"சரி" என்று சால் கறித் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மாமா சுற்றிலும் பார்த்தார். கென்ட்ரா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அத்தை பேத்தியின் கன்னத்தில் மூக்கை உரசிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மாமா மெல்ல என் பக்கம் நகர்ந்தார்.

"டேய், நீயாவது கேளேன்டா."

கேட்டேன். வேண்டாம் என்றார். இன்னொரு தடவை கேட்டேன்.

"சரி" என்று பெருமூச்சு விட்டார் ஓரின் மாமா. "நீ இவ்ளோ வற்புறுத்துறதால."