கால்வாய் மூடிக்கு முன் வந்த விளக்கு

அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். திருவள்ளூர் நீதிமன்றத்தில் ஒரு நில வழக்கில் நான் சாட்சி சொன்னபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையே வேண்டாமென்று அமர்ந்துவிட்டார். எங்கள் வார்டுக்குப் பகுதி சபா அமைந்தபோது, தலைமைக்கு என் பெயரைத் தவிர வேறு பெயர் எழவில்லை. இதை வாசிப்போர் நினைவில் கொள்ளவேண்டும்.

மழை விடாது பெய்த ஒரு மாலை, தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையிலிருந்து வந்த கம்பெனி பஸ் எங்கள் நிறுத்தத்தில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போனது. சாலையும் மழைநீர்க் கால்வாயும் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தன. கால்வாய்க்கு மூடி இல்லை. மறுநாள் கால்வாயின் வளைவில் அவள் உடலை எடுத்தார்கள். ஒரு செருப்பு அகப்படவேயில்லை.

அதன்பின் அந்த நிறுத்தத்தில் இறங்கப் பெண்கள் அஞ்சினர். பொழுது சாய்ந்தால் கால்வாய்க்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாகப் பேச்சு எழுந்தது.

ஒவ்வொரு வார்டும் தன் முதல் தேவை எதுவென்று தீர்மானித்து நகராட்சிக்கு அனுப்பவேண்டும், அவ்வாண்டு அது ஒன்றே நிறைவேறும் என்பது ஏற்பாடு. பள்ளிக்கூட வராந்தாவில் சபா கூடியது. நிறுத்தத்து டீக்கடைக்காரர் உயர்கோபுர விளக்கு கேட்டார். இறந்தவளின் அக்கா கால்வாய்க்கு மூடி கேட்டாள்.

"லைட்டு இன்னாத்துக்கு நைனா? நல்லா பாத்துகினே வுழறதுக்கா?" என்று அவரை மடக்கினாள்.

"சும்மா இரு அக்கா. அது கூப்புடுறத என் காதால கேட்டேன். ஆறு மணிக்கு மேல ஒருத்தன் டீ குடிக்க நிக்கமாட்டேன்றான். பேஜாரா போச்சு. வெளிச்சம் வந்தா அதுவே போயிடும்."

"உசுரோட இருக்கசொல்லோ அவ கூப்ட்டா எவனும் திரும்பிப் பாக்கல. இப்போதான் ஊருக்கே காது கேக்குதா?"

சிலர் சிரித்தனர்.

கை தூக்கச் சொன்னேன். அதே பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள்கூட விளக்குக்கே தூக்கினர். மூடிக்கு எழுந்தது அவள் கை மட்டுமே. தலைமை வகிப்பவர் கை தூக்குவதில்லை, அது முறை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசையும்போது அந்தப் பார்வை இன்றும் என் விரல்கள்மீது வந்து அமர்கிறது.

விளக்கு வந்தது. தேங்காய் உடைத்து ஏற்றினார்கள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் கால்வாயின் திறந்த வாய் முன்னைவிடக் கறுத்துத் தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அவ்வழியே மாலை நடை சென்றேன். நீர் சாலைக்கு ஏறியிருந்தது. கால்வாயிலிருந்து ஒரு குரல் எழுந்தது. குழாய்க்குள் அடைபட்ட காற்றை நீர் தள்ளும்போது அத்தகைய ஒலி உண்டாகும். வகுப்பில் நானே விளக்கியிருக்கிறேன். ஆயினும் அசையாது நின்று, அது இரண்டாம் முறை எழும்வரை காத்திருந்தேன். எழுந்தது. வந்த வழியே திரும்பினேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரொபசரே பேய்க்குப் பயந்து ஓடினார் என்று இப்போது ஊரில் சொல்கின்றனர். அது பிழை. நான் ஓடவில்லை, நடந்தேன். அத்தனை வெளிச்சத்திலும் சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் திரும்பினேன். மூடி இன்னும் போடப்படவில்லை.