நான்கு விசிறிகளும் ஒரு மைத்துனரும்

என் மனைவிக்கு ஒரே உடன்பிறப்பு அவளுடைய தம்பி. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் கல்லிடைக்குறிச்சிக்கே வந்து, எங்கள் தெருவில் குடியேறினார். அவர் வந்த நாள்முதல் எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதினால் அது மிகை. ஒரு சிறு மின்பலகையை அவர் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த நாள்முதல் எரிந்தது என்பதே சரி.

மனைவி அப்பளம் இட்டு விற்பவள். ஐப்பசி மழையில் வெயில் கிடைக்காது. மாடியறையில் துணி விரித்து, நான்கு மேசை விசிறிகளைக் கொண்டு உலர்த்துவாள். இட்டவுடன் தொலைவில் உள்ள விசிறி மட்டுமே சுழலவேண்டும். ஈரம் சற்று வாங்கிய பின்னரே அடுத்தது. அவசரப்பட்டால் ஓரம் சுருண்டுவிடும். ஒவ்வொன்றையும் போடவும் நிறுத்தவும் முழங்கால் வலியோடு படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பி அந்தப் பலகையை மாடியில் பொருத்தினார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதன் விளிம்பில் வரிசையாக முனைகள். ஒவ்வொரு முனையும் ஒரு ரிலேயை இயக்க, ரிலே 'டக்' என்று ஒலித்து ஒரு விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். பலகையிலிருந்து ஒரு யுஎஸ்பி வடம் பலகணி வழியாக இறங்கிக் கூடத்தில் இருந்த என் மடிக்கணினியில் முடிந்தது. திரையிலுள்ள சாளரத்தில் விசிறியின் எண்ணை இட்டு, பக்கத்தில் ஒன்றோ சுழியமோ தட்டி அனுப்பினால் போதும்; அந்த வரி எழுத்தெழுத்தாக வடத்தில் ஏறிப் பலகையை அடையும். மேலே விசிறி சுழலும், அல்லது நிற்கும்.

மாலைதோறும் அன்று எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அவள் முகம் கோணிய பத்தியை மறுநாளே அடித்துவிடுவேன். என் நூல்களுக்கு அவளினும் சிறந்த வாசகர் வாய்த்ததில்லை. இப்போதோ பாதிப் பத்தியில் எழுந்துபோய் எண்ணைத் தட்டுவாள். மேலே 'டக்' என்று கேட்டதும் சிரிப்பாள். என் எந்த வரிக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"எந்தம்பி மூளையப் பாத்தீகளா? இங்கன பைய ஒரு விரலால தட்டுதேன், மாடியில காத்தடிக்கி!"

"காற்றைத் தருவது விசிறி. உன் தம்பி அல்லன்."

"வயித்தெரிச்சல்! வேற என்ன?"

விட்ட இடத்திலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் திருமணம் ஒன்றுக்காக மைத்துனர் ஏரலுக்குப் புறப்பட்டார். "அத்தான், அக்காவுக்கு இன்னிக்கு மாடியில சோலி இருக்கு. அவ சொல்லுத எண்ணைத் தட்டுங்க, போதும். வேற எதையும் நோண்டிராதீங்க" என்றார். நான் என்ன, கைக்குழந்தையா? இருந்தாலும் மனம் துள்ளியது. இன்று மேலே எழும் ஒலி என் விரலால் எழும்.

மனைவி மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். மைத்துனர் திறந்துவைத்துப் போயிருந்த சாளரத்தில் எண்ணைத் தட்டி முதல் விசிறியைப் போட்டேன். "ஆங், சரி" என்றாள். சிரிப்பு இல்லை. பணி முடிந்ததால் சாளரத்தை மூடிவைத்தேன்; படித்த நூலைத் திறந்தபடி விட்டுச்செல்வது எனக்கு ஆகாது, திரைக்கும் அதே ஒழுங்குதான். சற்றுப் பொறுத்து, "ரெண்டாவதையும் போடுங்க" என்றாள். சாளரத்தை மீண்டும் திறந்தேன். ஓர் எழுத்தும் தட்டவில்லை. அதற்குள் மேலே டக்கென்று ரிலேக்கள் ஒலித்தன. நான்கு விசிறிகளும் ஒருங்கே சுழன்றன.

நான் ஏறிச் செல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஈர அப்பளங்கள் சுவரில் ஒட்டிக்கிடந்தன. ஒன்று அவள் கொண்டைமேல் அமர்ந்திருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை ஏறிட்டும் பாராமல் கைப்பேசியை எடுத்தாள்.

"ஏலே தம்பி, அத்தான் தொட்டாக. அம்புட்டும் பறந்துட்டுடா!"

மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் எனக்கும் கேட்டது. "நாந்தான் நோண்டாதீங்கன்னேனே! சரி அழாத. வந்து பாக்கேன்."

அவர் வருமுன் காரணத்தை நானே கண்டறிவது என்று உறுதிகொண்டேன். விசிறிகளின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, கணினியோடு மாடியில் அமர்ந்தேன். சாளரத்தைத் திறக்கும்போதெல்லாம் பலகையின் சிறுவிளக்கு படபடத்தது. பின்னர் ரிலேக்கள் ஒலித்தன. திறப்பதே பலகையை முதலிலிருந்து தொடங்கவைக்கிறது! முன்பு இட்ட கட்டளைகள் யாவும் அப்போது அதற்கு மறந்துபோகின்றன. அவர் எழுதிய நிரல் என் கணினியிலேயே இருந்தது. அறியாத சொற்களைத் தேடித்தேடிப் படித்தேன். பழைய இலக்கிய உரைகளோடு பழகியவனுக்கு அது புதிய துன்பமன்று. அந்த ரிலேக்கள் தலைகீழ் இயல்புடையவை: முனையில் மின்னழுத்தம் தாழ்ந்தால்தான் விசிறி சுழலும். தொடங்கும்போது எல்லா முனைகளும் தாழ்ந்தே இருந்தன. அவற்றை முதலில் உயர்த்திவைக்குமாறு மைத்துனர் எழுதவில்லை. அவர் எதையும் மூடும் வழக்கம் இல்லாதவராகையால், அப்பிழை வெளிப்படவே இல்லை.

அதற்கான வரிகளைச் சேர்த்துப் பலகையில் ஏற்றினேன். சாளரத்தைத் திறந்தேன். ஓசை இல்லை. மூடித் திறந்தேன். அப்போதும் இல்லை. ஓசையின்மை எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

மறுநாள் காலை மைத்துனர் வந்ததும், மனைவியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் திரையிலிருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"ஆமா அத்தான். தப்பு எம்மேலதான்."

அவர் வாதிட்டிருக்கலாம். என் வெற்றிக்கு ஒரு சிறு போராவது கிடைத்திருக்கும்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "பாத்தியாலே! ஒங்கூடப் பழகிப் பழகி அத்தானுக்கும் இதெல்லாம் வந்துட்டு!"

"அவுகளா கண்டுபிடிச்சது அக்கா."

"நீ கொண்டாந்து வைக்கலேன்னா அவுக எங்கன கண்டுபிடிக்க?"

அன்று மாலை அவளாகவே வந்து என்முன் அமர்ந்தாள். புதிய இயலைப் படித்தேன். எண்ணைத் தட்ட ஒருமுறையும் எழவில்லை; முகமும் கோணவில்லை. முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றாள். "தம்பியும் கேட்டா நல்லாருக்கும். கூப்பிடட்டா?"

என் விடைக்குக் காத்திராமல் கைப்பேசியை எடுத்தாள்.