சூளையில் குறைந்த எடை

1983இல் அரியலூர் டவுனில் நான் டுடோரியல் நடத்தியபோது அம்சவள்ளிதான் அங்கே மூத்த மாணவி. எனக்கு இருபத்து நான்கு வயது, அவருக்கு முப்பத்தாறு. கல்லங்குறிச்சி சாலையில் ஒரு சுண்ணாம்புச் சூளையில் கல் சுமந்துவிட்டு, தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு நேரே வகுப்புக்கு வருவார். கணவர் இல்லை. பத்தாம் வகுப்பில் அறிவியல் மட்டும் பாக்கி. அது தேறினால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம், தலைச்சுமையை இறக்கி வைக்கலாம்.

வந்தவர் சும்மா இருந்தாரா? என் உயிரை எடுத்தார்.

"ரெண்டு அணு எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டா, அது யாரு வூட்டுல சார் இருக்கும்?"

"ரெண்டு வூட்டுலயுந்தான்."

"அது எப்புடி?"

எனக்கு மட்டும் தெரியுமா? மனப்பாடம் பண்ணியே பி.எஸ்சி. தேறியவன் நான். அப்புறம் பொருண்மை அழியா விதி வந்தது. வேதிவினையில் மொத்த எடை மாறாது என்று போர்டில் எழுதினேன்.

"பொய்யி சார்" என்றார். "சூளையில கல்லை ஏத்துறப்ப கழுத்து முறியுது. வெந்து வெளிய வர்றப்ப அதே கூடை பாதிக்குப் பாதி லேசா இருக்கு. நான்தானே சுமக்குறேன்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"சூளையைச் சூளையோட வுட்டுட்டு வாங்கக்கா! எடை குறையாது. அதை எழுதுங்க, போதும்."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். 'குறையாது' என்று நோட்டில் இருபது தடவை எழுதினார்.

அறிவியல் பரீட்சை முடிந்ததும் கேள்வித்தாளோடு ஓடி வந்தார், முகமெல்லாம் குழப்பம்.

"கேள்வியே தப்பா இருக்கு சார். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டா எடை ஏன் குறையுதுன்னு அஞ்சு மார்க்குக்குக் கேட்டிருக்கான். குறையவே குறையாதுன்னு அடிச்சு எழுதிட்டேன். சரிதானே?"

சுண்ணாம்புக் கல் சூடாகும் அந்தச் சமன்பாட்டை நூறு தடவை ஒப்பித்திருக்கிறேன் நான். அது அவர் தலையில் சுமக்கிற கல்லைப் பற்றியது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பாவி, நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூட அவர் ஏதாவது சரியாக எழுதியிருப்பார்.

முடிவு வந்தது. முப்பத்து மூன்று மார்க். இரண்டு மார்க்கில் போய்விட்டது. நான் தலைகுனிந்து நின்றேன்.

"வுடுங்க சார். அப்ப அந்தக் குறைஞ்ச எடை எங்கதான் போச்சு?"

"காத்தாப் போயிடுச்சுக்கா. கார்பன் டை ஆக்ஸைடு. சூளை வாய் வழியா வெளிய போயிடும். அதையும் சேத்துப் பாத்தா மொத்த எடை மாறாது."

"இம்புட்டுத்தானா?" என்று என்னையே பார்த்தார். "நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

அடுத்த பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. மறுநாள் காலை அவர் கூடையை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனார்.