இருபத்திரண்டு தொப்பி

விசிலக்காவைத் தண்ணீர் உள்ள இடத்துக்கு இரண்டாவது தடவை கூப்பிட்டவர்கள் யாரும் கிடையாது. முதல் தடவையிலேயே போதும் போதும் என்றாகிவிடும். சொந்தக்காரர்களோடு கடற்கரைக்குப் போனால் எல்லோரும் அலையில் கால் நனைப்பார்கள். இவள் மட்டும் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பாள். யாராவது இடுப்பளவு ஆழத்தைத் தாண்டினால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடிப்பாள். காது கிழிந்துவிடும். பக்கத்தில் பலூன் விற்கிறவர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அவளுடைய புருஷன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், வாய்த்துடுக்குக்காரர். "இவ பக்கத்துல நின்னா பக்கெட்டுத் தண்ணிகூட அலையாம நிக்கும்" என்பார்.

ஊர் பொது நீச்சல் குளத்தில் அவளுக்கு வேலை. முதலில் அலமாரிச் சாவி எடுத்துக் கொடுக்கத்தான் சேர்ந்தாள். பெண்கள் குளிக்கிற நேரத்தில் காவலுக்குப் பெண் ஆள் கிடைக்கவில்லை என்று மேலதிகாரி புலம்பிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு, இருபத்தேழு வயதில், கையில் ஒரு பிள்ளை இருக்கும்போது நீச்சல் கற்றுக்கொண்டு பரீட்சை எழுதியவள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம். அதில் பதினோரு பேரைத் தூக்கியிருக்கிறாள். இது அவளுக்கும் குளத்துக் குறிப்பேட்டுக்கும் மட்டும்தான் தெரியும். மூழ்கப்போகிற பிள்ளையைப் பத்து விநாடிக்குள் தூக்கிவிட்டால், அது மூழ்கப்போனதாகவே யாருக்கும் தோன்றாது. பெற்ற தாயே வந்து "எதுக்குப் புள்ளையப் பிடிச்சு இப்படி இழுக்குறீங்க" என்று சண்டை பிடிப்பாள். சரியாகச் செய்தால் திட்டு வாங்கித் தருகிற வேலைகளில் அதுவும் ஒன்று.

அவளுக்கு ஒரே மகள். மகளுக்குப் பத்து வயதில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டு நீச்சல் குளத்தில் பிறந்தநாள் கொண்டாடினாள். விசிலக்கா அங்கே போய் மூன்று தடவை சீழ்க்கை அடித்து எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்றி வரிசையில் நிறுத்தினாள். கேக் வெட்டுவதற்குள் பாதிப் பேர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷம் முழுக்க மகளை யாரும் எந்த விருந்துக்கும் கூப்பிடவில்லை. மகள் அதை மறக்கவில்லை, அம்மாவும் மறக்கவில்லை.

அதே மகள்தான் இப்போது விருந்து நடத்துகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். விளையாட்டு அரங்கம் மாதிரி ஜோடித்த, நடுவில் நீச்சல் குளம் உள்ள பெரிய இடம். சேர்ந்து எட்டு மாதமாகியும் இன்னும் தற்காலிகம்தான். அந்தச் சனிக்கிழமை ஒரு கம்பெனியின் குடும்ப விருந்து. அதன் பொறுப்பு முழுக்க மகளுடையது. நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"நீயும் வாம்மா. நான் என்ன வேலை பாக்குறேன்னு நீ ஒரு தடவையாவது பாக்கணும்" என்றாள் மகள். "ஆனா அங்க நீ விருந்தாளி. விசில் அடிக்கக் கூடாது. யாரையும் கரைக்கு வரச் சொல்லக் கூடாது. வாயே திறக்கக் கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமாடி. போதுமா?"

நல்லதாக ஒன்று உடுத்திக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள் மகள். விசிலக்கா கால்சட்டையும் நீளச் சட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நீந்த முடியாத உடுப்போடு அவள் எந்தக் குளத்துப் பக்கமும் போவதில்லை. அதை மாற்றச் சொல்லி மகள் சத்தியம் வாங்கவில்லை.

வாசலே ஒரு சுரங்கப்பாதை மாதிரி இருந்தது. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வருவார்களே, அந்த மாதிரி. உள்ளே காலை வைத்ததும் எங்கிருந்தோ ஆயிரம் பேர் கைதட்டுகிற சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. சாப்பாட்டு மேசைகள் எல்லாம் டேபிள் டென்னிஸ் மேசைகள், நடுவில் வலைகூட இருந்தது. உட்காருவதற்குப் பந்து வடிவத்தில் முக்காலிகள். கழிப்பறைக் கதவில் 'ஆட்டக்காரர் உடை மாற்றும் அறை' என்று எழுதியிருந்ததால் ஒரு பெரியவர் அங்கேயும் இங்கேயும் தவித்துக்கொண்டிருந்தார். வேலையாட்கள் எல்லோருக்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டை. சுவரில் ஆளுயர எண்களோடு ஓர் ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் நீ செஞ்சதா?" என்றாள் விசிலக்கா. நிஜமாகவே அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

"இதெல்லாம் முன்னாடியே இருந்தது. என்னோடதக் காட்டுறேன், வா."

குளம் பச்சையாக இருந்தது. புல் மாதிரி கெட்டிப் பச்சை. மேலே வெள்ளைக் குழாய்களை மிதக்கவிட்டு மைதானக் கோடுகள் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மிதக்கிற கோல் கம்பங்கள். ஆழமான பக்கத்தைப் பிரிக்கிற கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் ஒரு கம்பத்தை அங்கே நிறுத்த முடிந்திருந்தது.

"கலர் பவுடர்மா. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது, டெஸ்ட் பண்ணியாச்சு. ஓனர் பாத்துட்டு என் தோள்ல தட்டினாரு" என்றாள் மகள். முகம் அப்படிப் பூரித்திருந்தது.

அழகாகத்தான் இருந்தது. அதில் சந்தேகமில்லை. விசிலக்கா குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மணிக்கட்டு வரை தெரிந்தது. விரல்கள் தெரியவில்லை. அவள் வேலை பார்க்கிற குளத்தில் தினமும் காலையில் ஒரு காரியம் நடக்கும். ஆழமான பக்கத்தில் நின்று, தரையிலிருக்கிற வடிகால் மூடியின் ஓட்டைகளை மேலேயிருந்து எண்ணுவாள். எண்ண முடிந்தால்தான் அன்றைக்குக் குளம் திறக்கும். ஒரு நாள் மந்திரி வந்து காத்திருந்தும் எண்ண முடியாததால் திறக்கவில்லை. இங்கே மூடியும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை.

"அடி தெரியலையே" என்றாள், மெதுவாகத்தான்.

"அம்மா."

அவ்வளவுதான் சொன்னாள் மகள். பத்து வயதில் பார்த்த அதே பார்வை. விசிலக்கா வாயை மூடிக்கொண்டு ஒரு பந்து முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். சிவப்புத் தொப்பி பதினொன்று, மஞ்சள் தொப்பி பதினொன்று. இறங்குவதற்கு முன்னால் ஆளுக்கொரு விசிலும் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதுவும் மகளுடைய யோசனைதானாம். அடுத்த நிமிஷம் இருபத்திரண்டு விசிலும் ஊத ஆரம்பித்தன. ஆபத்துக்கு அடிக்கிற ஒன்றைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாகக் கொடுத்தால், நிஜமாக ஆபத்து வரும்போது எதை அடிப்பது? இதை யாரிடம் கேட்பது? குளத்துக்குக் காவல் யார் என்று கேட்டதற்கு ஒரு கோடு போட்ட சட்டை இன்னொரு கோடு போட்ட சட்டையைக் காட்டியது. அவர் ஏணி மேல் நின்று எல்லோரையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் எண்ண ஆரம்பித்தாள். சத்தியத்தில் எண்ணக் கூடாது என்று இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். இருபத்திரண்டு. யாரோ குடிக்க ஏதோ கொண்டுவந்து வைத்தார்கள், அவள் திரும்பவில்லை. இருபத்திரண்டு. பந்து ஆழமான பக்கம் போனது, நாலைந்து பேர் அதன் பின்னால் போனார்கள். இருபத்தொன்று. மறுபடி எண்ணினாள். மஞ்சள் பத்துதான் இருந்தது. மூன்றாவது தடவையும் பத்துதான்.

குளத்தின் அந்தப் பக்கம் மகள் முதலாளியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. விசிலக்கா அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தாள்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் அதற்குப் பதில் விசில் ஊதிச் சிரித்தார்கள். அவள் செருப்பை உதறிவிட்டுக் குதித்தாள்.

முதல் முழுக்கில் கண்ணைத் திறந்தாள். பச்சையைத் தவிர ஒன்றும் இல்லை. தரையைக் கையால் தடவிக்கொண்டே போனாள். கையில் பட்டதெல்லாம் தரை ஓடு, ஓடு, ஓடு. மூச்சு வாங்க மேலே வந்து, "ஒரு புள்ளையக் காணோம், பிள்ளைங்களைக் கரையேத்துங்க, பெரியவங்க எறங்குங்க" என்று கத்தினாள். அந்தக் குரலில் என்னவோ இருந்திருக்க வேண்டும். இசை நின்றது. கம்பெனிக்காரர்கள் கோட்டோடும் காலணியோடும் இறங்கினார்கள். கைகோத்து வரிசையாக நின்று, காலால் துழாவிக்கொண்டே வரச் சொன்னாள். இரண்டு பேர் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றது. அந்த வரிசையில் மகளும் இருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஆழமான பக்கத்தில் விசிலக்கா நாலு தடவை மூழ்கி எழுந்தாள். ஐந்தாவது தடவை எழுந்தபோது, கரையில் ஒரு சின்னப் பெண் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாரைத் தேடுறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

தொப்பி அரித்ததாம். கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கிறாள். அவளுடைய அப்பாவும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தார். தான் தேடியது தன் மகளைத்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கரையேறி வந்து அவளைத் தூக்கிக்கொண்டவர், எவ்வளவு நேரம் ஆகியும் இறக்கிவிடவில்லை.

நனைந்த அறுபது பேரும் விசிலக்காவைப் பார்த்தார்கள். மகள் யாரையும் பார்க்கவில்லை. அப்போது முதலாளி மைக்கை எடுத்தார். மனிதர் கெட்டிக்காரர்.

"எப்படி இருந்துச்சு எங்க சர்ப்ரைஸ் ஐட்டம்?" என்றார். "குடும்பமா எல்லாரையும் தண்ணியில எறக்கிட்டோம் பாத்தீங்களா? அந்த அம்மாவுக்கு ஒரு கைதட்டு கொடுங்க."

எல்லோரும் தட்டினார்கள். நிம்மதியில் இன்னும் பலமாகவே தட்டினார்கள். பதினோரு பேரைத் தூக்கியபோது அவளுக்கு ஒரு கை தட்டியது கிடையாது. தூக்க யாருமே இல்லாத அன்றைக்கு இடமே அதிர்ந்தது. தலையிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுக நின்ற அவளுக்கு அவமானமாக இருந்தது. இசை மறுபடி ஆரம்பித்தது. பிள்ளைகள் அதே தண்ணீரில் மறுபடி குதித்தார்கள். விருந்து முடிகிறவரை அவள் அங்கேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது முதலாளி மகளிடம், "திங்கக்கிழமை வந்து பெர்மனன்ட் ஆர்டர வாங்கிக்கம்மா" என்றார். "அடுத்த சனிக்கிழமை கார் ரேஸ் தீம், ஞாபகம் இருக்குல்ல? சிவப்புக் கலர். உங்கம்மாவையும் கூட்டிட்டு வா, இதே ஐட்டத்தப் பண்ணட்டும்."

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"சத்தியம் பண்ணினே" என்றாள் மகள்.

"பண்ணினேன்."

"அவரு சமாளிக்கலைன்னா வேலை போயிருக்கும்."

"தெரியும்டி."

மூன்று நிறுத்தம் போயிற்று. பிறகு மகள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "தேடும்போது என் கையே எனக்குத் தெரியலம்மா. அந்தப் பொண்ணு நெஜமாவே உள்ள இருந்திருந்தா?"

விசிலக்கா சட்டை நுனியைப் பிழிந்தாள், இன்னும் பச்சையாகச் சொட்டியது.

"நீ அந்தக் கடிகாரத்தப் பாத்திருப்பே. பாக்காம இருந்திருக்க மாட்டே. எவ்வளவு நேரம் தேடினோம்?"

பார்த்திருந்தாள். குதிக்கும்போது ஒரு தடவை, ஐஸ்கிரீமைப் பார்த்ததும் ஒரு தடவை. இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமை பிள்ளை நிம்மதியாகப் போய் ஆர்டரை வாங்கிக்கொள்ளும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஆறரை நிமிஷம்" என்றாள். "அப்பவும் பாதிக் குளம்தான் முடிஞ்சிருந்தது."

"எவ்வளவு நேரத்துக்குள்ள தூக்கணும்?"

"நாலு நிமிஷம் தாண்டிட்டா தூக்கலாம்டி. திருப்பிக் கொடுக்க முடியாது."

மகள் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், அடுத்த வாரம் கலர் போட வேண்டாம் சார். வெறும் தண்ணியே இருக்கட்டும்." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஆமா சார், என் ஐடியாதான். அதனாலதான் சொல்றேன்." சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குரல் கொஞ்ச நேரம் பேசியது. "சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"கலர் இருக்குமாம். நான் இருக்கேனா இல்லையான்னு நானே முடிவு பண்ணிக்கணுமாம்."

விசிலக்காவுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஊராரின் ஏச்சை வாங்கி வாங்கி அவளுக்குப் பழகிவிட்டது. பெற்ற பிள்ளை வாங்கப்போகிறது என்று நினைக்கத் தாங்கவில்லை. விட்டுவிடுடி, நான் வந்து நின்றுகொள்கிறேன், எல்லோரும் தட்டட்டும் என்று சொல்லத் துடித்தாள். ஆனால் அடி தெரியாத தண்ணீருக்கு யார் காவல் நின்றாலும் காவல் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

மகள் போனில் எதையோ தேடினாள். அடுத்த சனிக்கிழமை விருந்துக்குப் பதிவு செய்திருந்த வீட்டின் போன் எண். பதினைந்து பிள்ளைகள், எல்லாம் ஆறு வயது. ஒரு தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

"வணக்கம்ங்க. சனிக்கிழமை பார்ட்டி விஷயமாப் பேசுறேன். உங்க புள்ளைக்கு நீச்சல் தெரியுமாங்க?"